தேக்கா கடைவீடு: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீட்டை எடுத்துப் புதுப்பிக்க நினைப்பவர்கள், "முகப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே இடித்துக்கொள்ளலாம்தானே?" என்று கேட்பார்கள். முடியாது.

1989 ஜூலை 7 அன்று லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் உள்ளிட்ட வட்டாரங்களைச் சிங்கப்பூர் அரசு பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தது. பொறுப்பு, நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம். ஜூ சியாட் போன்ற வேறு பாதுகாப்புப் பகுதிகளில் கடைவீட்டின் பின்பக்கம் புதிதாக உயர்த்திக் கட்ட இடமுண்டு. தேக்கா வரலாற்று வட்டாரம் என்பதால் இங்கே முழுக் கட்டிடமும் பாதுகாப்புக்குள் வரும்.

அதாவது, பக்கத்துப் பக்கத்து இரண்டு கடைகளுக்கும் பொதுவான நடுச்சுவர், மர உத்தரங்கள், மாடிப்படி, மரச் சன்னல்கள், பின்கட்டு எல்லாமே கணக்கில் சேரும். கூரைக்கு மெருகில்லாத சுட்ட மண் ஓடுதான். வெளிச்சமும் காற்றும் இறங்குவதற்காக நடுவில் விட்டிருக்கும் முற்றத்தை மூடி அறையாக்க நினைக்காதீர்கள். பலருக்கு ஆசை வருவது அங்கேதான். ஓர் உத்தரம் உளுத்துப்போனால் முதலில் பழுது பார்க்க வேண்டும். தேறாது என்றால்தான் மாற்று, அதுவும் மரத்திலேயே.

முன்பக்க அஞ்சடி தனிக் கதை. கடைக்கு முன்னால் நிழலான நடைபாதை விட வேண்டும் என்பது சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸின் 1822 நகரத் திட்டத்திலிருந்தே வரும் ஏற்பாடு. இடம் உங்கள் கடையோடு சேர்ந்தது, நடக்கும் உரிமை ஊருக்கு. சரக்குப் பெட்டிகளை அடுக்கி அதை மறிப்பது தவறு.

வேலை தொடங்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். மளிகைக் கடையைச் சாப்பாட்டுக் கடையாக்கும்போது, பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி தேவையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகைக்கும் விதிகள் உண்டு. சன்னலையோ சுதை வேலைப்பாட்டையோ மறைக்கும் பலகைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அப்புறம் விதியைப் படிக்காதீர்கள்.

இந்த விதிகள் காப்பது கட்டிடத்தை, கடைக்காரரை அல்ல. 1947-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையைக் குறைவாகவே வைத்திருந்தது. அதனாலேயே பல உரிமையாளர்கள் பழுது பார்க்காமல் விட்டார்கள். 2001-இல் அந்தச் சட்டம் முற்றிலும் நீக்கப்பட்டது. கட்டிடங்கள் பளிச்சென்று ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். பூக்கடையோ மாவுமில்லோ அங்கே நீடிப்பது, இன்று வாடகை ஒப்பந்தத்தைப் பொறுத்தது.