புகை இருந்தால் நெருப்பு உண்டா? வாதக் கட்டுரை இயங்கும் விதம்

"டெங்கு ஒரு கொடிய நோய். அது நுளம்பினால் பரவுகிறது. எனவே அனைவரும் ஒன்றுசேர்ந்து டெங்குவை ஒழிப்போம்." மழைக்காலம் வந்தால் கொழும்புப் பாடசாலைகளில் இப்படியான கட்டுரைகள் கட்டுக்கட்டாய்ச் சேரும். எழுத்துப்பிழை இராது, கையெழுத்தும் முத்துமுத்தாக இருக்கும். வாதம்தான் இராது. டெங்கு இருக்கட்டும் என்று சொல்ல ஒருவருமே இல்லாதபோது யாரோடு வாதாடுவது?

விஷயம் தெரிந்தவரும் மறுக்கக்கூடிய ஒரு கூற்று முதலில் வேண்டும். "மாநகர சபை புகையடிப்பதைக் குறைத்து, வளவுகளில் நீர் தேங்காமல் பார்க்கும் வேலைக்குக் கூடுதல் பணம் ஒதுக்க வேண்டும்." இதை மறுக்க வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள்ளேயே ஆள் கிடைக்கும்.

அடுத்தது சான்று. 2017இல் இலங்கையில் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு சந்தேக நோயாளராகப் பதிவாகினர். இந்த எண்ணைக் கண்ட மாணவர் அதைக் கட்டுரையில் போடாமல் விடமாட்டார். ஆனால் நோய் பெரிது என்பதைத்தான் அது காட்டும். எந்த வழி நல்லது என்பதைக் காட்டாது. நமக்கு உதவும் சான்று வேறு. புகை, பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும். பீலியிலும் பூச்சாடித் தட்டிலும் உள்ள முட்டையும் குடம்பியும் தப்பிவிடும். முட்டை காய்ந்த நிலையிலேயே பல மாதம் கிடந்து, நீர் பட்டதும் பொரிக்கும். பிறகு ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பாகிப் பறந்துவிடும்.

பெரும்பாலான கட்டுரைகள் இடறுவது இதற்கு அடுத்த படியில். சான்றையும் கூற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். "குடம்பி தப்புகிறது" என்பதிலிருந்து "பணத்தை மற்றதில் போடு" என்பதற்குப் போக நடுவே ஒரு பொதுவிதி வேண்டும்: உற்பத்தியாகும் இடத்தை விட்டுவைத்து, உற்பத்தியானதை மட்டும் அழித்தால் பலன் நிலைக்காது. இதை எழுதாமல் விட்டால், ஏற்கெனவே நம் பக்கம் உள்ளவர் தானாகவே நிரப்பிக்கொள்வார். மற்றவர் "சரி, அதுக்கு?" என்பார்.

பிரித்தானிய மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டியபோது, இந்த இடைவிதிக்குத் தனி இடம் கொடுத்தார். தமிழில் இதன் வேர் இன்னும் பழையது. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை, அதாவது தருக்கம், கற்பிக்கிறார்: இம்மலை நெருப்புடையது, ஏனெனில் புகையுடையது, அடுக்களை போல. முதலாவது பக்கம் (கூற்று), இரண்டாவது ஏது (காரணம்), மூன்றாவது திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). அடுக்களை இங்கே அழகுக்கு வந்த உவமை அல்ல. புகையும் நெருப்பும் சேர்ந்திருக்க எல்லோரும் கண்ட இடம் அது. "புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு" என்ற விதியைத் தாங்கி நிற்பதும் அதுதான்.

விதி என்று ஒன்றை வெளியே எடுத்து வைத்தால் அதைச் சோதிக்கலாம். டெங்குவுக்குப் புகையடிக்கும் நாளில் பம்பலப்பிட்டி ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை. எந்த வீடும் எரியவில்லை. விதி பொய்த்ததா? அது எரிந்து வந்த புகை அல்ல, பூச்சிகொல்லி கலந்த எண்ணெய்த் துளிகளின் மூட்டம். ஆகவே "எரிந்து வரும் புகை" என்று விதியைக் குறுக்கிக்கொள்கிறோம். குறுகியதால் அது பலவீனப்படவில்லை, உறுதிப்பட்டது.

இப்படிச் சொந்த விதியை உடைத்துப் பார்க்க மனம் இலேசில் வராது. உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைக் காட்டியது. 2, 4, 6 என்ற வரிசைக்குப் பின்னால் உள்ள விதியை, வேறு மூன்று எண்களைச் சொல்லிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பலர் 8, 10, 12 போலத் தம் ஊகத்துக்கு ஒத்துவரும் எண்களையே சொன்னார்கள். விதியோ "ஏறுவரிசையில் மூன்று எண்கள்", அவ்வளவுதான். 1, 2, 3 என்று ஒருமுறை கேட்டிருந்தால் இரண்டு இரண்டாய்க் கூடுகிறது என்ற ஊகம் உடைந்திருக்கும்.

நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில், அதாவது நூலாசிரியர் கொள்ளும் கொள்கை நிலைகளில், ஒன்று "பிறர்தம் மதமேற் கொண்டு களைவு": மற்றவர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு விலக்குவது. ஏற்றுக்கொள்வது என்ற பாதியை நம் மாணவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். "சிலர் புகையே நல்லது என்பர். அது தவறு" என்று இரண்டு வரி எழுதி முடிப்பது மறுப்பு ஆகாது. எதிர்த்தரப்பின் மிக வலுவான காரணத்தை, அவர்களே எழுதியிருந்தால் எப்படி எழுதுவார்களோ அப்படி எழுத வேண்டும். ஒரு பகுதியில் நோய் வெடித்துவிட்டால், வைரசைச் சுமந்து பறக்கும் நுளம்பை உடனே குறைத்தாக வேண்டும். பூச்சாடியைக் கவிழ்ப்பதால் அந்தக் கிழமை பலன் வராது. நியாயமான பேச்சு. அப்படியானால் நம் கூற்றைத் திருத்துவோம்: "நோய் வெடித்த இடங்களில் தவிர, மற்ற நேரங்களில் புகையடிக்கும் பணத்தை வளவுப் பரிசோதனைக்கு மாற்ற வேண்டும்."

இனி எதிர்த்தரப்பு செலவைப் பிடித்துக்கொள்ளும். பூட்டிய வீடுகளும் மாடிக் குடியிருப்புகளும் நிறைந்த கொழும்பில், வீடு வீடாக ஏறி இறங்க எத்தனை பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வேண்டும்? மாணவர் எழுதும் கட்டுரையின் அடுத்த பந்தி அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.