1 மோலார் கேஓஎச் என்று எழுதினால் போதுமா?

முன்பு வந்த முடிவு இப்போது வரவில்லை என்று என்னிடம் வருவதில், இந்த ஆண்டில் இது மூன்றாவது ஆள். முதல் தடவை நிக்கல் ஹைட்ராக்சைடு எலக்ட்ரோடு நீரிலிருந்து ஆக்சிஜனை அருமையாகப் பிரித்ததாம். இரண்டு மாதம் கழித்து அதே செய்முறையில் செய்தால் பாதிகூட வரவில்லையாம். நோட்டை வாங்கிப் புரட்டினேன். இரண்டு பக்கத்திலும் ஒரே வரி: "1 மோலார் கேஓஎச்." கேஓஎச் என்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, எலக்ட்ரோடு மூழ்கியிருக்கும் காரக் கரைசல். அது எந்தக் கம்பெனி, எந்தத் தரம், எந்த பேட்ச்? பழைய பாட்டில் குப்பைக்குப் போய் ஒரு மாதமாகிறது.

"கேஓஎச்தானே சார், எல்லாம் ஒன்றுதானே?"

ஒன்று இல்லை! கடையில் வாங்கும் கேஓஎச்சில் துளியளவு இரும்பு இருக்கும். நிக்கல் அதைக் கரைசலிலிருந்தே இழுத்துக்கொள்ளும், ஆக்சிஜன் வேகமாக வரும். காரிகன் என்ற ஆய்வாளர் இதை 1987-லேயே எழுதிவிட்டார். 2014-ல் பாய்ட்சர் குழு இரும்பை நீக்கிய கரைசலில் அளந்தபோது, வெறும் நிக்கல் எவ்வளவு மந்தம் என்பது வெளியே வந்தது. பாட்டிலில் இருந்த அழுக்குக்குக் கிடைத்த மார்க்கை உங்கள் வினையூக்கியான நிக்கலுக்குப் போட்டிருக்கிறீர்கள். லேபிளில் 'ஏஆர்' (பகுப்பாய்வுக்கான தரம்) என்று இருக்கிறதே என்பார்கள். அந்தத் தரத்திலும் இந்தத் துளி இருக்கும். கண்ணாடி செல்லில் (கரைசல் வைக்கும் பாத்திரம்) செய்தால் காரம் கண்ணாடியையே அரித்து, அதிலுள்ள இரும்பையும் கொண்டுவரும். டெஃப்லான் செல் இல்லையென்றால் பாலிபுரோப்பிலீன் டப்பாவாவது பாருங்கள்.

பேட்ச் எண்ணை எழுதுங்கள். வினையூக்கி பூசாத வெறும் எலக்ட்ரோடையும் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரே எலக்ட்ரோடை மூன்று முறை ஓட்டிவிட்டு "மூன்று முறை செய்தேன்" என்று சொல்லாதீர்கள்; மூன்றையும் புதிதாகத் தயாரியுங்கள். மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைக்கும் சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடைக் காரத்தில் மாதக்கணக்கில் ஊறப்போடுகிறவர்களிடம் பேசவே எனக்குத் தெம்பில்லை. கரைசலின் தடை 2 ஓம், ஓடுவது 100 மில்லிஆம்பியர் என்றால் 200 மில்லிவோல்ட் அதிலேயே போய்விடும். அளந்த மின்னழுத்தத்திலிருந்து இந்த இழப்பில் எத்தனை சதவீதம் கழித்தீர்கள் என்று எழுதுங்கள். கழிக்காத மூல ஃபைலையும் வைத்திருங்கள். ஆரிஜின் என்ற வரைபட மென்பொருளில் போட்ட வண்ணப் படத்திலிருந்து அதை யாரும் மீட்க முடியாது.

பெர்லினில் ஃப்ரிட்ஸ் ஹேபர் நிறுவனத்தார் தயாரிப்பு, அளவீட்டு வரிசை எல்லாவற்றையும் முன்கூட்டியே கையேடாக எழுதிவைத்து, அதன்படியே வினையூக்கிகளைச் சோதிக்கிறார்கள். அவ்வளவு வேண்டாம், நம் லேபில் சுவரில் ஒட்டிய ஒரு தாள் போதும்.

அதுவும் முடியாதென்றால், பாட்டிலைத் தூக்கிப் போடுமுன் லேபிளை ஒரு போட்டோ எடுங்கள், தயவுசெய்து.