பனியாற்றின் முனையை மட்டும் பார்க்காதீர்கள்

மலைப் பனியாறுகளை அளப்பது என் தொழில். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சிறிய பனியாற்றின் உடல்நிலையும் அதனால் வரும் ஆபத்தும், கீழே அது முடியும் முனையைவிடச் சுற்றுப்புறத்தில்தான் அதிகம் தெரியும்.

கோடை முடியும் சமயத்தில் மேலே பாருங்கள். போன குளிர்காலத்துப் பனி எந்த உயரத்தில் மிஞ்சியிருக்கிறதோ, அதற்கு மேலே பனியாற்றுக்கு வரவு, கீழே செலவு. சிறிய பனியாறுகளில் அந்தக் கோடு சில வருடம் உச்சியையே தாண்டிவிடும். ஓரிரு வருடம் தாங்கும். தொடர்ந்து அப்படியே நடந்தால் பிழைக்காது. பொலிவியாவில் சுமார் 5,300 மீட்டர் உயரத்தில் இருந்த சகல்தாயா பனியாறு 2009-இல் முழுக்க மறைந்துபோனது.

அப்புறம், இரு பக்கமும் உள்ள கல்மண் கரைகள். பனியாறே கொண்டுவந்து குவித்தவை அவை. பனி தடிமனாக இருந்தவரை உள்பக்கம் முட்டுக் கொடுத்தது. பனி இளைத்ததும் கரை செங்குத்தாக, பிடிப்பில்லாமல் நிற்கிறது. மதிய வெயிலில் உள்ளே உறைந்திருப்பது இளகி, கல் உருளும். பழைய நடைபாதை அந்தக் கரையின் விளிம்பில் போகிறது என்பதற்காக அதையே நம்பிப் போகாதீர்கள்.

அந்தக் கரைகளுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கேதார்நாத்துக்கு மேலே, சோராபாரி பனியாற்றின் ஓரத்தில் இருந்தது பிரம்மாண்டமான ஏரி இல்லை. மழைநீரும் பனி உருகிய நீரும் சேரும் சிறிய ஏரிதான். 2013 ஜூனில் பெருமழையும் உருகுநீரும் சேர்ந்து நிரம்பி, 17-ஆம் தேதி காலை அதன் கரை உடைந்தது. அந்த மாதத்து வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் உத்தரகாண்டில் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். எல்லாச் சாவுக்கும் ஏரி காரணம் அல்ல. ஆனால் ஏற்கெனவே வெள்ளத்தில் சிக்கியிருந்த ஊர்மீது அந்தத் தண்ணீரும் கல்லும் வந்து விழுந்தன. ஏரி சிறியது என்று அலட்சியமாக இருக்கவே கூடாது.

மலையேறப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஓடையைக் கடப்பதானால் காலையிலேயே கடந்துவிடுங்கள். பிற்பகலில் உருகுநீர் பெருகும். முனையில் உள்ள பனிக்குகைக்குள் படம் எடுக்க நுழையாதீர்கள். ஓடையோரச் சமதளத்தில் கூடாரம் வேண்டாம். ஓடை திடீரென வற்றினாலோ சேறாகக் கலங்கினாலோ, மேலே எங்கோ அடைபட்டிருக்கலாம். சாமான்களை விட்டுவிட்டு, ஓடைப் போக்கில் இறங்காமல் பக்கவாட்டுச் சரிவில் உடனே ஏறுங்கள்.