கினிக்கோழி முட்டையின் கரு பச்சையானால் இனத்தைத் திட்டாதீர்கள்

ஆடி மாதக் கடைசியில் ஒரு பண்ணைக்காரர் தூக்குவாளியில் எட்டுக் கினிக்கோழி முட்டைகளோடு வந்தார். "ஓட்டல்காரர் திருப்பி அனுப்பிட்டாருங்க டாக்டர். குஞ்சு வாங்குன இடத்துல ஏமாத்திட்டாங்களா, இல்ல ஏதாச்சும் சீக்குங்களா?" என்றார். ஒன்றை எவர்சில்வர் தட்டில் உடைத்தேன். கினிக்கோழி முட்டைக்கு ஓடு கனம், மேசை விளிம்பில் இரண்டு தட்டுக்குப் பிறகுதான் விட்டுக்கொடுத்தது. மஞ்சள்கரு, குளத்துப் பாசி மாதிரி பழுப்பும் பச்சையுமாக இருந்தது. வெள்ளைக்கருவில் லேசான ரோஸ் நிறம்.

"தீவனத்துல என்ன சேர்க்கறீங்க?" என்று கேட்டேன். மாட்டுக்கு வாங்கிய பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மிச்சம் கிடந்ததாம், அதையும் கலந்திருக்கிறார்.

விஷயம் அதுதான். பருத்திக்கொட்டையில் காசிபால் என்று ஒரு நச்சுப்பொருள் உண்டு. அது கருவில் உள்ள இரும்புச்சத்தோடு சேர்ந்து நிறத்தைக் கெடுக்கும். அதே கொட்டையின் எண்ணெயில் இருக்கும் சில கொழுப்பு அமிலங்கள் கருவைச் சுற்றிய மெல்லிய சவ்வைத் தளரவிடும். இரும்பு வெள்ளைக்கருவுக்குள் கசியும், அது ரோஸாகும். இட்ட அன்றே உடைத்தால் பெரும்பாலும் தெரியாது. இரண்டு வாரம் சேர்த்துவைத்து விற்கும்போதுதான் மானம் போகும்.

காதம்பரி, சிதம்பரி, ஸ்வேதாம்பரி என்று உத்தரப்பிரதேசத்து இசத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம் தந்த கினிக்கோழி வகைகள் இறகு நிறத்தில் வேறுபடலாம். கருவின் நிறம் மட்டும் தொட்டியில் என்ன விழுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கரு வேகமாகத் திரள்வது முட்டையிடுவதற்கு முந்தைய பத்து நாளில். அதனால் இன்று தீவனத்தை மாற்றிவிட்டு நாளைக்கே முட்டையை உடைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அவரையும் மூன்று வாரம் பொறுக்கச் சொன்னேன்.

கரு வெளுத்திருக்கிறது என்று வருபவர்கள் இன்னும் அதிகம். நொய்யும் கம்பும் வெள்ளைச் சோளமும் மட்டும் போட்டால் வெளுக்கத்தான் செய்யும், அவற்றில் மஞ்சள் நிறமி மிகக் குறைவு. மஞ்சள் மக்காச்சோளம், முருங்கைக்கீரை, அகத்தி, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா, மேய்ச்சல் புல் இதெல்லாம் கருவுக்கு நிறம் ஏற்றும். ஆனால் வெளுத்த கருவில் புரதம் குறைந்துவிடாது. நிறத்துக்குத்தான் சந்தையில் விலை.

எனக்குப் பயம் கண்ணுக்குத் தெரியாததில்தான். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். பறவையின் ஈரலைக் கெடுக்கும், முட்டையிடுவது குறையும், ஈரலிலும் முட்டையிலும் கொஞ்சம் தங்கவும் செய்யும். வெயிலில் காயவைத்தாலோ வறுத்தாலோ அது முழுசாகப் போகாது. மக்கிய வாசம் வந்தால் மூட்டையோடு குப்பைக்குப் போகவேண்டியதுதான், மாட்டுக்கும் வைக்கக்கூடாது.

அடுத்து கறி. கினிக்கோழிக் கறி கொழுப்பு குறைந்தது, கொஞ்சம் கருஞ்சிவப்பு, காட்டுப்பறவை வாசம் லேசாக இருக்கும். பிராய்லரைவிடக் கூடுதல் விலை கொடுப்பவர் அந்த ருசிக்குத்தான் கொடுக்கிறார். புரதம் மலிவாகக் கிடைக்கிறதே என்று கருவாட்டுத்தூளை அள்ளிப்போட்டால் கறியிலும் முட்டையிலும் மீன் நாற்றம் ஏறும். தூளில் உப்பு வேறு அதிகம். பறவை தண்ணீராகக் குடித்துக் கூண்டுத்தரையை நசநசவென்று ஆக்கிவிடும். போடுவதானால் கொஞ்சமாகப் போட்டு, அறுக்கும் முன் இரண்டு வாரம் நிறுத்திவிடுங்கள். பழைய தவிடும் அப்படித்தான். அதில் எண்ணெய் சீக்கிரம் சிக்கடிக்கும், அந்த வாசம் கொழுப்பில் போய் உட்காரும்.

குஞ்சுக்கு முதல் சில வாரம் 24 சதவீதத்துக்குக் குறையாமல் புரதம் வேண்டும். அதற்காகப் பக்கத்துக் கடையில் பிராய்லர் தீவனம் வாங்குவார்கள். வாங்கும் முன் மொனென்சின் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். ரத்தக்கழிச்சல் வராமலிருக்கப் பிராய்லருக்குக் கலக்கும் மருந்து அது, கினிக்கோழிக்கு விஷம். மூட்டைச் சீட்டைப் பார்க்காமல் கொட்டாதீர்கள்.

முட்டையிடும் பெட்டைக்குக் கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில், சாயங்காலம் வையுங்கள். ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் உருவாகிறது. குஞ்சுகளுக்கு மட்டும் அந்தக் கிண்ணம் எட்டக்கூடாது, அந்த வயதில் சுண்ணாம்புச் சத்து மிஞ்சினால் சிறுநீரகம் கெடும்.