ஐஸ் பாட்டிலைத் தொட்டிக்குள் போடாதீர்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் சென்னையில், பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பவர்களுக்கு ஒரே மாதிரி அழைப்புகள்தான். "பவளம் ஒரே ராத்திரியில வெளுத்துப்போச்சு சார், நேத்து நல்லாத்தான் இருந்துச்சு." தண்ணீர் எவ்வளவு சூடு என்று கேட்டால், "30 வரைக்கும் ஏறிச்சு. உடனே ரெண்டு ஐஸ் பாட்டில் போட்டு 26-க்குக் கொண்டுவந்துட்டேன்." ஏதோ பெரிய காப்பாற்றல் போல அதைச் சொல்வார்கள். பவளத்துக்கு விழுந்த இரண்டாவது அடியே அந்த ஐஸ் பாட்டில்தான்.

கணக்கைப் பாருங்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஒரு கிலோ ஐஸ் உருகி 26 டிகிரித் தண்ணீராக மாற, ஏறக்குறைய 470 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். நானோ தொட்டி எனப்படும் 60 லிட்டர் சின்னத் தொட்டியை ஒரு டிகிரி குளிர்விக்க 240 கிலோஜூல் போதும். அப்படியென்றால் ஒரு கிலோ ஐஸ் உள்ள ஒரு பாட்டில் 2 டிகிரி, இரண்டு பாட்டில் 4 டிகிரி. அதுவும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள். ஐஸ் தீர்ந்ததும் அறையின் வெப்பமும் பம்பின் வெப்பமும் சேர்ந்து மாலைக்குள் பழைய இடத்துக்கே ஏற்றிவிடும். மறுநாள் மறுபடியும் இதே கூத்து. 200 லிட்டர்த் தொட்டியிலோ அதே ஒரு கிலோ ஐஸ் வெறும் 0.6 டிகிரிதான் குறைக்கும். சின்னத் தொட்டிக்கு விஷம், பெரிய தொட்டிக்கு வீண். ஐஸ் கட்டிகளை அப்படியே கொட்டுகிறவர்களும் உண்டு. குழாய்த் தண்ணீரின் குளோரினும் சேர்ந்து உள்ளே போகிறது, உப்பும் நீர்க்கிறது.

"கடல்ல மட்டும் 30 டிகிரி இல்லையா?" என்று அடுத்த கேள்வி வரும். இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் கோடையில் 30-ஐத் தாண்டும். தாண்டுகிற ஆண்டுகளில் அங்கேயும் பவளம் வெளுக்கிறது. 1998, 2010, 2016 மூன்றும் மோசமான ஆண்டுகள். ஆனால் கடல் அந்தச் சூட்டுக்கு வாரக்கணக்கில், மெல்ல மெல்லப் போகிறது. உங்கள் தொட்டி காலைக்கும் மாலைக்கும் நடுவில் போய்விட்டுத் திரும்புகிறது. நிலையாக 27-ல் இருக்கும் தொட்டி, 25-க்கும் 29-க்கும் ஊசலாடும் தொட்டியைவிட எவ்வளவோ மேல். "சராசரி 27 தானே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பவளத்துக்குச் சராசரி தெரியாது. 25 முதல் 27-க்குள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள், ஒரு நாளைய ஏற்ற இறக்கம் ஒரு டிகிரிக்குள் இருக்கட்டும். (கடல் பேச்சு வந்ததால் ஒன்று: மன்னார் வளைகுடாவில் எடுத்த பவளம் என்று யாராவது மலிவாக நீட்டினால் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது.)

சூடு ஏறிவிட்டதென்றால் முதலில் விளக்கை அணையுங்கள். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனைப் போடுங்கள், தண்ணீர் சூடாகச் சூடாகக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். தீனி வேண்டாம். ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபேனைக் குறைத்து மதிக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 200 லிட்டர்த் தொட்டியிலிருந்து 3 டிகிரி அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நாளுக்கு 4 லிட்டர் ஆவியாக்கும் ஃபேன், இரவும் பகலும் 110 வாட் வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்றுவதற்குச் சமம். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள், மீன் துள்ளி வெளியே விழாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மூடிய அறையில் ஈரம் தங்கிவிட்டால் ஆவியாதல் நின்றுவிடும். ஆனால் ஃபேனுக்கு ஓர் எல்லை உண்டு. அறை 35 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் எத்தனை ஃபேன் வைத்தாலும் தண்ணீர் 28-க்குக் கீழே இறங்காது. கடலோரச் சென்னையின் மே மாதம் அதுதான்.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கும். 200 லிட்டர்த் தொட்டியில் நாளுக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாள் விட்டால், லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராமாக இருந்த உப்பளவு 37-ஐத் தாண்டும். எனவே உப்பெல்லாம் வடிகட்டி நீக்கிய ஆர்ஓ-டிஐ தண்ணீரை, நீர்மட்டம் குறையக் குறையத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-ஆஃப் வழியாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். குறைந்த அளவை ஈடுகட்டக் கடல்நீரை ஊற்றுவது பெரும்பிழை.

ஃபேன் போதாத வீட்டுக்கு, தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர்தான். அதை வாங்கி, தொட்டிக்குக் கீழே உள்ள கேபினெட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள்! அது வெளியே தள்ளும் சூட்டை அதுவே மறுபடி உறிஞ்சும். நான்கு பக்கமும் காற்று போக வர இடம் விட்டு வெளியே வையுங்கள். தூசி வலையை மாதம் ஒரு முறை கழுவுங்கள். ஹீட்டர் 25-ல் அணையட்டும், சில்லர் 26.5-ல் ஓடத் தொடங்கட்டும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இல்லாவிட்டால் ஒன்று சூடாக்க மற்றது குளிர்விக்க, கரன்ட் பில்தான் ஏறும்.

"சென்னையில ஹீட்டர் எதுக்கு?" இரவு முழுக்க ஏசியை 22-ல் ஓடவிட்டு, காலையில் அணைத்துவிட்டு அலுவலகம் போகும் வீட்டுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் பெரிய ஹீட்டர் ஒன்று வேண்டாம். சூட்டைப் பார்த்து ஹீட்டரை அணைக்கும் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையவே அணையாது. 200 லிட்டரில் 300 வாட் ஒட்டிக்கொண்டால் மணிக்கு 1.3 டிகிரி ஏறும், நீங்கள் வேலையிலிருந்து திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 100 வாட் இரண்டாக வையுங்கள், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் ஏற்றம் மணிக்கு அரை டிகிரிக்குள்தான். இரண்டையும், தண்ணீரின் சூட்டை அளந்து கருவிகளை இயக்கி நிறுத்தும் வெளிக் கன்ட்ரோலர் ஒன்றின் வழியாக இணையுங்கள். சம்பில் (தொட்டிக்குக் கீழே உள்ள துணைத் தொட்டியில்) நீர்மட்டம் குறைந்தால் ஹீட்டர் வெளியே தெரியும் இடத்தில் வைக்காதீர்கள், கண்ணாடி வெடித்துத் தண்ணீரில் மின்சாரம் பாயும். மின்கசிவு ஏற்பட்டதும் கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் கடல்நீர்த் தொட்டியில் கை வைக்காதீர்கள். இது கெஞ்சல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலரின் சென்சார் ஒயரை நன்றாகப் பிடிப்பு வைத்துப் பொருத்துங்கள். அது நழுவி வெளியே விழுந்தால் அறையின் சூட்டைத்தான் படிக்கும். ஏசி அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், வெயில் அறையில் சில்லர் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். டிஜிட்டல் மானியையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் நல்ல தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். ஐஸுக்கு இந்தப் பொழுதுபோக்கில் உள்ள ஒரே வேலை அதுதான்.

பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 2 வரை மின்தடை என்று அறிவிப்பு வந்தால் பதறாதீர்கள். சூடு மெதுவாகத்தான் ஏறும், ஆக்சிஜன்தான் முதலில் தீரும். இன்வெர்ட்டரில், தண்ணீரை அலைபோல் ஓடவைக்கும் வேவ்மேக்கரையும் ஏர் பம்பையும் மட்டும் கொடுங்கள், சில்லரையும் ஹீட்டரையும் அல்ல. கரன்ட் வந்ததும் சில்லரின் கம்ப்ரெஸருக்கு மூன்று நிமிடமாவது இடைவெளி விட்டு ஓடவிடுங்கள்.

இன்னொன்று, பலர் கோட்டை விடும் இடம். மே மாத மதியத்தில் மொட்டை மாடி டேங்க்கிலிருந்து ஆர்ஓ வழியாக வரும் தண்ணீர் 38 டிகிரி இருக்கலாம். அதில் உப்பைக் கரைத்து, 26-ல் இருக்கும் தொட்டியில் 40 லிட்டரை மாற்றினால், 200 லிட்டரும் நொடியில் 28.4 ஆகிவிடும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய சில்லரும் அந்த நேரத்தில் உதவாது. தண்ணீரை முந்தின இரவே பிடித்து, வீட்டுக்குள் வைத்து, அடுத்த நாள் காலையில் கலக்குங்கள். ஊற்றும் முன் இரண்டு பக்கமும் ஒரே மானியால் அளந்து பாருங்கள். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் மாற்ற வேண்டாம்.