வங்கி நோட்டீஸ் வந்தால் முன்சீப் கோர்ட்டுக்கு ஓடாதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். வீட்டுக் கதவில் வங்கி சுவாதீன நோட்டீஸ் ஒட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்றால், "முன்சீப் கோர்ட்ல (உள்ளூர் சிவில் நீதிமன்றம்) கேஸ் போட்டிருக்கோம் சார், ஸ்டே வந்துடும்னு சொன்னாங்க" என்கிறார். அந்த வழக்குக்கு எண்கூடக் கொடுக்காமல் திருப்பியிருக்கிறார்கள். இதற்குள் ஏல அறிவிப்பே பேப்பரில் வந்துவிட்டது. இதே கதையை எத்தனை பேர் வாயால் கேட்பது?

"கோர்ட் உத்தரவு இல்லாமல் பேங்க் எப்படி வீட்டைப் பூட்டும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பூட்டும். 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டம் அதற்காகவே போடப்பட்டது. சொத்தை அடமானம் வைத்து வாங்கிய கடன் வாராக்கடன் ஆகிவிட்டால், 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வங்கியே சொத்தை எடுத்து விற்கலாம். முதலில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டியதில்லை. ஆள் இருக்கும் வீட்டைக் காலி செய்ய மட்டும் கலெக்டரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ உதவி கேட்பார்கள். அவர்களும் உங்கள் கடன் கணக்கை விசாரிக்க மாட்டார்கள். திங்கட்கிழமை மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தச் சட்டத்தின் 34-வது பிரிவை யாராவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். வங்கிக் கடன் வழக்குகளுக்கென்றே இருக்கும் கடன் வசூல் தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டிய விஷயத்தை சிவில் நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது, வங்கியின் நடவடிக்கைக்கு உறுத்துக் கட்டளையும் (தடை உத்தரவு) கொடுக்கக் கூடாது என்கிறது அது. நீதிபதி உங்கள் மேல் இரக்கப்பட்டாலும் அவர் கை கட்டப்பட்டிருக்கிறது. மகளைக் கொண்டு பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் வங்கி நின்றுவிடும் என்றும் சிலர் யோசனை சொல்கிறார்கள். அப்படிக் குடும்பத்தார் போட்ட வழக்கையும் சிவில் நீதிமன்றம் எடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. வங்கியே மோசடி செய்திருந்தால், அல்லது கடனுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் தன் சொத்தைப் பொய்ப் பத்திரத்தால் அடமானம் வைத்துவிட்டார்கள் என்று வந்தால், அது வேறு. தவணை கட்டாதவருக்கு அந்த வழி இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமே என்பார்கள். தீர்ப்பாயம் இருக்கும்போது பொதுவாக ரிட்டை எடுக்கக் கூடாது என்பது 2010-ல் வந்த தீர்ப்பு.

உங்களுக்கான இடம் கடன் வசூல் தீர்ப்பாயம்தான். சென்னை, கோயம்புத்தூர், மதுரையில் இருக்கிறது. வங்கி சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் 17-வது பிரிவில் மனுப் போட வேண்டும். முன்பணம் கட்ட வேண்டியதில்லை. வங்கி கேட்கும் தொகையில் 75 சதவீதம் கட்ட வேண்டும் என்றிருந்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2004-ல் ரத்து செய்துவிட்டது. அங்கே தோற்று மேல்முறையீட்டுக்குப் போனால்தான் கடன் பாக்கியில் பாதித் தொகை கேட்பார்கள், குறைந்தது கால்வாசியாவது கட்ட வேண்டும். அதனால் முதல் வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். சிவில் கோர்ட்டில் கழிந்த ஒவ்வொரு நாளும் உங்கள் 45 நாளில்தான் கழிகிறது.

முதல் நோட்டீஸ் வந்ததும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் சுவரில் ஒட்டுவார்கள், பேப்பரில் போடுவார்கள், நாள் ஓடத் தொடங்கிவிடும். அந்த 60 நாளுக்குள் உங்கள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தீர்ப்பாயத்தில் அது உங்கள் பக்கம் பேசும். மேனேஜரிடம் வாயால் பேசியது எதுவும் கணக்கில் வராது. நோட்டீஸுக்குப் பிறகு வீட்டை மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதாதீர்கள், சட்டம் தடுக்கிறது.

விவசாய நிலத்தை இந்தச் சட்டப்படி எடுக்க முடியாது. ஆனால் சிட்டாவில் புஞ்சை என்று இருப்பது மட்டும் போதாது, அங்கே விவசாயம் நடக்க வேண்டும். பாக்கி, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டாலும் இந்தச் சட்டம் பொருந்தாது. பணம் புரட்ட முடிந்தவர்கள் ஏல நாள் வரை பொறுக்காதீர்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே முழுப் பாக்கியையும் கட்டினால்தான் சொத்தை மீட்கும் உரிமை உண்டு.

தயவுசெய்து கதவில் ஒட்டியதைக் கிழித்து எறியாதீர்கள். தேதி தெரிய போட்டோ எடுத்து, தபால் கவரையும் பத்திரமாக வைத்து, அந்த வாரமே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.