பிரேக் வேலையில் அசைய மறுக்கும் போல்ட்

காரின் முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடுகளையும் டிஸ்க்கையும் வீட்டிலேயே மாற்ற முனைபவரின் நேரம் பெரும்பாலும் பேடு மாற்றுவதில் செலவாவதில்லை. பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் இரண்டு போல்ட்டுகள், சக்கரம் பூட்டப்படும் ஹப்போடு டிஸ்க்கைப் பிடித்து வைக்கும் சிறிய ஸ்க்ரூ, பிரேக் ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள் ஆகியவற்றோடு மல்லுக்கட்டுவதில்தான் அது கரைகிறது. இவை அசையாதபோது, ஸ்பேனரின் முனையில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகி இன்னும் வலுவாக அழுத்துவதே பலருக்கும் முதலில் தோன்றும் வழி. அந்த வழி போல்ட்டின் தலையை மழுக்குவதற்கும், சில வேளைகளில் போல்ட்டையே முறிப்பதற்கும் தெளிவான காரணங்கள் உண்டு.

நன்றாக இறுக்கப்பட்ட போல்ட் என்பது இழுத்து நீட்டப்பட்ட ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது நாம் தரும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பாதி தலைக்கு அடியிலுள்ள உராய்வை வெல்லவும், 40 சதவீதம் அளவுக்கு மரைகளுக்கு இடையிலுள்ள உராய்வை வெல்லவும் போய்விடுகிறது. எஞ்சிய 10 சதவீதம்தான் போல்ட்டை நீட்டி, அந்த இழுவிசையால் இரு பாகங்களையும் நெருக்கிப் பிடிக்கிறது. துருவில்லாத போல்ட்டைக் கழற்ற, இறுக்கியதைவிடச் சற்றுக் குறைந்த விசையே போதும், ஏனெனில் மரையின் சரிவு கழலும் திசைக்குத் துணை நிற்கிறது.

துரு இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. இரும்பு துருவாக மாறும்போது, முன்பு பிடித்திருந்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அடைத்துக்கொள்கிறது. மரைகளுக்கு நடுவே மில்லிமீட்டரின் சிறு பின்னமாக இருந்த இடைவெளியில் அது உருவாகும்போது, விரிவதற்கு இடமில்லாமல் இரு பக்கமும் நெருக்குகிறது. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும், நம் கடலோர ஊர்களின் உப்புக்காற்றும் ஈரத்தை விடாமல் பிடித்துவைத்து இதை விரைவுபடுத்துகின்றன. அலுமினியக் கேலிப்பரில் எஃகு நிப்பிள் இருந்தால், ஈரத்தின் வழியே இரு உலோகங்களுக்கும் இடையில் மின்வேதி அரிப்பும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே இங்கே நாம் உடைக்க வேண்டியது துருவின் பிடியை. துரு நொறுங்கும் தன்மை கொண்டது. எஃகு வளைந்து கொடுப்பது. நீண்ட குழாயால் மெதுவாகத் தரும் விசை, துருவை அடைவதற்குள் போல்ட்டின் உடலை முறுக்கத் தொடங்கிவிடுகிறது. தலை திரும்புகிறது, ஆனால் மரை அசையவில்லை. கையில் ரப்பரைத் திருப்புவது போன்ற ஒரு மென்மை தெரிகிறது. அந்த உணர்வு வந்த உடனே நிறுத்திவிட வேண்டும். துரு விடும்போது அப்படி இருக்காது. "டக்" என்ற கூர்மையான ஒலியோடு சட்டென்று விடும்.

சுத்தியலின் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. ஒரு கிலோ எடையுள்ள சுத்தியல் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்து, ஒரு மில்லிநொடியில் நின்றால், சராசரியாக 4,000 நியூட்டன் விசை எழுகிறது. கைவிசையால் எட்ட முடியாத அந்த அளவு, கண நேரம் மட்டுமே நீடிப்பதால், துருவில் விரிசலை உண்டாக்கிவிட்டுப் போகிறது. ஊடுருவும் எண்ணெய் நுண்துளை ஈர்ப்பால் உள்ளே செல்வதும் அந்த விரிசல்கள் வழியாகத்தான். தட்டாமல் எண்ணெயை மட்டும் அடித்துவிட்டு உடனே ஸ்பேனரைப் போடுவதில் பெரிய பயனில்லை. முந்தைய நாள் மாலையே அடித்து, தட்டி, இரவு முழுவதும் விட்டுவிடுவது நல்லது. மறுபடியும் பயன்படுத்தப்போகும் டிஸ்க்கிலும் பேடிலும் இந்த எண்ணெய் படவே கூடாது. போல்ட் கொஞ்சம் அசைந்தபின் ஒரே திசையில் இழுக்காமல், சிறிது இறுக்கிச் சிறிது தளர்த்தி முன்னும் பின்னும் ஆட்டினால், நொறுங்கிய துருத்தூள் மரைக்குள் திரண்டு மீண்டும் அடைக்காது.

அடுத்த வழி வெப்பம். ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய எவர்சில்வர் டம்ளர்களைப் பிரிக்க வெளி டம்ளரை வெந்நீரில் வைப்பதைப்போல, போல்ட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள மரைத்துளைப் பகுதியைச் சூடாக்க வேண்டும். 12 மி.மீ. துளை, போல்ட்டைவிட 200 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால், ஏறத்தாழ 0.03 மி.மீ. விரியும், துருப்படலத்தைப் பிளக்க அது பெரும்பாலும் போதுமானது. ஆனால் பிரேக்கின் அருகே தீ என்பது விளையாட்டல்ல. பிரேக் ஆயில் எரியக்கூடியது, கேலிப்பரின் ரப்பர் சீல்களும் சக்கரத்தின் சுழற்சியை அளக்கும் ஏபிஎஸ் சென்சாரும் வெப்பத்தைத் தாங்காதவை. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் படிந்த இடத்தைச் சூடாக்கினால் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உருவாகலாம். கேலிப்பரை அகற்ற முடியாத நிலையில் நான் வெப்பத்தைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தலை மழுங்குவது பெரும்பாலும் கருவியின் பொருத்தத்தால் நேர்வது. 17 மி.மீ. அறுகோணத் தலையின் மூலைகள், அதன் பக்கத் தளங்களைவிட 1.3 மி.மீ. மட்டுமே வெளியே நிற்கின்றன. பன்னிரண்டு முனை சாக்கெட் அந்த மூலைகளுக்கு மிக அருகில் மட்டுமே தொடுவதால், அங்கேயே எஃகு நசுங்கிவிடுகிறது. ஆறு முனை சாக்கெட் விசையைத் தளங்களில் பரப்புகிறது. தலையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, சாக்கெட்டை அடிவரை தட்டி உட்கார வைத்தபின்பே விசை தர வேண்டும். மழுங்கிவிட்டால், ஓர் அளவு சிறிய ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றலாம், அல்லது உட்புறம் சுருள் பற்கள் கொண்ட எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டைப் பயன்படுத்தலாம்.

டிஸ்க் ஸ்க்ரூவின் கதை வேறு. பல ஜப்பானிய, கொரியக் கார்களில் அது பிளஸ் தலை கொண்டது. 1930களில் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் பரப்பிய பிளஸ் பள்ளத்தின் சுவர்கள் சரிவானவை என்பதால், விசை கூடக்கூடத் திருப்புளி மேலே தள்ளப்பட்டுப் பள்ளத்தைத் தின்றுவிடுகிறது. சுத்தியலால் அடிக்கும் கை இம்பாக்ட் டிரைவர் இதற்கு நேரான தீர்வு. அடி விழும் அதே கணத்தில் முனையைப் பள்ளத்துக்குள் அழுத்தவும் செய்கிறது, உள்ளேயுள்ள சரிவு அமைப்பால் அதைத் திருப்பவும் செய்கிறது. அதற்கும் மசியாவிட்டால் ஸ்க்ரூவின் தலையை டிரில் செய்து எடுத்துவிடலாம். ஓடும்போது டிஸ்க்கைப் பிடித்திருப்பவை வீல் நட்டுகளே என்பதால் இதில் அச்சமில்லை. தலை போனதும் இழுவிசையும் போய்விடும்; டிஸ்க்கைக் கழற்றியபின் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை, கடித்துப் பூட்டிக்கொள்ளும் குறடான வைஸ்கிரிப்பால் பிடித்துத் திருப்பினாலே பெரும்பாலும் கழன்றுவிடும்.

பிளீடர் நிப்பிளிடம் மிகுந்த பொறுமை வேண்டும். உருளைத் தண்டின் முறுக்கு வலிமை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது, 6 மி.மீ. தண்டு, 12 மி.மீ. தண்டின் எட்டில் ஒரு பங்கை மட்டுமே தாங்கும். நிப்பிளோ சிறியது மட்டுமன்றி உள்ளே துளையுள்ளது. எனவே அதன் முனையில் லேசாகப் பலமுறை தட்டி, எண்ணெய் விட்டு, ஆறு முனை சாக்கெட்டால் மட்டும் முயல வேண்டும். முறிந்துவிட்டால், கேலிப்பரையே மாற்றுவது பெரும்பாலும் மலிவாக முடியும். பிரேக் பைப்பின் நட்டுக்குச் சாதாரண ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம். நட்டை ஏறத்தாழ முழுவதும் சுற்றிப் பிடிக்கும் பிளேர் நட் ஸ்பேனர் தேவை. நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கிக்கொண்டால் அந்தப் பைப்பை மாற்றாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

மீண்டும் பூட்டும்போது, பிராக்கெட் போல்ட்டின் மரையில் கிரீஸ் தடவும் ஆசையை அடக்க வேண்டும். உராய்வு குறைந்தால் அதே முறுக்குவிசையில் போல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிடும். காரின் கையேடு மரைப்பசை (போல்ட் தானாகத் தளராமல் பிடிக்கும் பசை) கேட்டால் பசை, உலர்வாகக் கேட்டால் உலர்வு. தலை மழுங்கிய போல்ட்டுக்குப் பதிலாக, தலையில் வலிமையைக் குறிக்கும் தர எண் 10.9 என்று இருந்தால் அதே எண் கொண்ட புதிய போல்ட்டையே போட வேண்டும். நிப்பிளை இறுக்கியபின் வேறொருவரை பிரேக் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, அதைச் சுற்றி ஈரம் கசிகிறதா என்று பார்த்துவிட்டு, ரப்பர் மூடியை மறக்காமல் மாட்டிவிடுங்கள். அந்த மூடி இல்லாத நிப்பிளின் துளை வழியாகத்தான் மழைநீர் கீழ்மரைகள்வரை இறங்குகிறது.